உப்பல் வெயிலும் மீட்டர் கண்ணாடியும்

உப்பல், ராமந்தப்பூர், ஹப்சிகூடா பக்கம் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்கு மாதாமாதம் தவறாமல் வரும் விருந்தாளி ஒருவர் உண்டு. கையில் சிறு இயந்திரத்துடன் வருவார், மீட்டரை அண்ணாந்து பார்ப்பார், பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். காப்பி சாப்பிடக்கூட நிற்பதில்லை. அவர் பார்த்த அந்த ஒரு நொடிதான் நம் மாதக் கணக்கு. ஊரில் இரண்டு மாதத்துக்கொரு முறை ரீடிங் எடுத்தே பழகிய நமக்கு, இங்கே மாதம் ஒரு முறை அந்தக் கண்ணாடித் துண்டின் மேல் நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடித் துண்டு என்று சொன்னது எல்.சி.டி. என்னும் திரவப் படிகத் திரையை. பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு சுற்றும், பல்சக்கரம் எண்களை நகர்த்தும். மின்னணு மீட்டரில் சுற்றுவது எதுவுமில்லை. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் யூனிட்டுகளை எண்ணி நினைவகத்தில் எழுதி வைக்கிறது. எழுதியதை நமக்குக் காட்டுவது மட்டுமே திரையின் வேலை. இந்த வித்தியாசத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரை மங்கினாலும் கறுத்தாலும் உள்ளே உள்ள கணக்கு போய்விடாது.

ஏன் எல்.சி.டி.? சிவப்பாக எரியும் எல்.இ.டி. எண்கள் எவ்வளவு தெளிவு, அவற்றை வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் எண்ணுக்கு ஏழு கோடுகள். நான்கு எண்களுக்கு 28. எல்.இ.டி. கோடு ஒவ்வொன்றும் 5 மில்லி ஆம்பியர் கேட்டால், எல்லாம் எரியும்போது 140 மில்லி ஆம்பியர். 220 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பொத்தான் செல், அவ்வளவு மின்னோட்டம் தரும் சக்தி அதற்கு இருந்தாலுமே, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எல்.சி.டி.யோ தானாக ஒளி வீசுவதில்லை. வெளிச்சத்தைத் தடுக்கவும் விடவும் மட்டுமே செய்கிறது. திரையும் அதை இயக்கும் சுற்றும் சேர்ந்து 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் அதே செல் கணக்குப்படி 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டு வரும்! கரண்ட் போன நேரத்திலும் பொத்தானை அழுத்தினால் பல மீட்டர்கள் ரீடிங் காட்டுவது இதனால்தான்.

இந்தத் திரவப் படிகத்தின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1888-ல் பிராகு நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு பொருள் இரண்டு முறை உருகுவதைக் கண்டார்: 145 டிகிரியில் கலங்கலான திரவம், 178 டிகிரியில் தெளிந்த திரவம். 1970-ல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிக் இருவரும் இன்றைய மீட்டர் திரையின் மூல வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல் பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் சர் சி.வி. ராமனின் மருமகன் (தங்கை மகன்) எஸ். சந்திரசேகரும் உடன் உழைத்தவர்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று உலகுக்கு முதலில் காட்டினார்கள். அதே நிலையத்தில் டி.என். ருக்மாங்கதன் 1980-களிலிருந்து, இத்தகைய திரைகளுக்கு மின்னழுத்தத்தை எப்படி வரிசைப்படுத்திக் கொடுப்பது என்பதையே ஆராய்ந்து, பல வரிகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும் முறைகளை வகுத்தார். நம் மீட்டர் விஷயமும் இந்த 'எப்படிக் கொடுப்பது' என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் விதி: திரைக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுக்கக் கூடாது. பேட்டரியை நேராக இணைத்தால் கோடு தெரியும், உண்மைதான். ஆனால் நாள்படக் கண்ணாடிக்குள் மின்பகுப்பு நடந்து கோடு நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஆகவே கண்ணாடியின் பின்தகடும் முன்கோடும் நொடிக்கு 30 முதல் 100 தடவை மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கினால் இடையே வித்தியாசமில்லை, கோடு தெரியாது. எதிரெதிராக ஏறி இறங்கினால் கோடு கறுக்கும். மைக்ரோகன்ட்ரோலருக்கு இது பூஜ்யத்தையும் ஒன்றையும் புரட்டிப் போடும் வேலைதான். புரட்டிவிட்டு அடுத்த முறை வரை தூங்கப் போய்விடலாம். அந்தத் தூக்கத்தில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆனால் கோட்டுக்கு ஒரு கம்பி என்றால், புள்ளிகளையும் சேர்த்து நான்கு எண்ணுக்கு 33 கம்பி வேண்டும். சில்லில் அத்தனை கால்கள் கொடுத்தால் விலை ஏறும். அதனால் பின்தகட்டை நான்காகப் பிரித்து, முறை வைத்துத் தட்டி எழுப்புகிறார்கள். 33 கம்பி 12 ஆகிவிடுகிறது. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை அல்லவா? இப்போது அணைந்திருக்க வேண்டிய கோட்டுக்கும் கொஞ்சம் அழுத்தம் போய்ச் சேர்கிறது. 3 வோல்ட் மின்சாரத்தில், மூன்றில் ஒரு பங்குப் படிகள் வைத்து நான்கு முறையாகப் பிரித்தால், தெரிய வேண்டிய கோட்டுக்குச் சராசரியாக 1.73 வோல்ட், தெரியக் கூடாத கோட்டுக்கு 1 வோல்ட். திரவம் 1 வோல்ட்டுக்கு அசையாமலும் 1.73-க்கு முழுதாகத் திரும்பியும் கொடுத்தால்தான் எண் சுத்தமாகத் தெரியும்.

உப்பல் வெயில் வந்து சேரும் இடம் இது. சூடு ஏற ஏறத் திரவம் குறைந்த அழுத்தத்துக்கே அசையத் தொடங்கும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரிக்கு மேல் என்றால், மேற்குச் சுவரில் வெயில் நேரே விழும் இரும்புப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அப்போது 1 வோல்ட் கோடும் லேசாகக் கறுக்கிறது. பேய் நிழல்போல, இல்லாத கோடு இருப்பதாகத் தெரியும். 6-ன் மேல் வலப்பக்கக் கோடு நிழலாடினால் அது 8. மீட்டர் உயரத்தில் இருந்து, கீழே நின்று சாய்வாகப் பார்த்தால் நிழல் இன்னும் கூடலாம்.

இதனால் என்ன பெரிய நஷ்டம்? போன மாத ரீடிங் 4473. இந்த மாதம் உண்மையில் 4663, செலவு 190 யூனிட். நிழலால் 4683 என்று படிக்கப்பட்டால் 210. அடுத்த மாதம் 4853 என்று சரியாகப் படித்தால் 170. இரண்டு மாதமும் சேர்ந்து அதே 380-தான். யூனிட் எங்கும் போகவில்லை. பணம் போகிறது. தெலங்கானாவில் 200-ஐத் தாண்டினால் வீட்டுக் கட்டண அட்டவணையே மாறுகிறது. 2024-ல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் உள்ள குடும்பத்துக்கு 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. 210 என்று வந்துவிட்டால் அந்த மாதம் முழு பில். ஒரு சின்னக் கோட்டின் நிழல்!

நல்ல மீட்டர் செய்கிறவர்கள் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். விரிந்த வெப்ப எல்லை கொண்ட திரவத்தைப் பயன்படுத்துவார்கள். சில்லிலேயே உள்ள வெப்ப உணரியைப் பார்த்து, சூடு ஏறும்போது திரை அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பார்கள். 1 வோல்ட் 0.9 ஆனால் நிழல் மறையும். அழுத்தப் படிகளை உண்டாக்கும் மின்தடைகளிலும் சிக்கனம் உண்டு: மூன்று 100 கிலோ ஓம் தடைகள் 3 வோல்ட்டில் 10 மைக்ரோ ஆம்பியரை வீணே குடிக்கும், மெகா ஓம் வைத்தால் 1 மைக்ரோ ஆம்பியர். ரொம்பவும் கூட்டினால் பெரிய திரை மங்கும். எல்லாம் பேரம்தான்.

கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே வரிவரியாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும். வரிக்குதிரை போலிருப்பதால் அதற்கு ஸீப்ரா என்றே பெயர். தூசியாலோ தளர்ச்சியாலோ அதில் தொடர்பு விட்டால், முறை வைத்து இயங்கும் திரையில் ஒரு கோடு மட்டும் போகாது, ஒரு கூட்டமே போகும். எண் உளறலாகத் தெரியும். என்னைக் கேட்டால் அது நல்லது. யாரும் அதை எண் என்று நம்ப மாட்டார்கள். நிழல்தான் நயவஞ்சகம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலோ பொறியியலிலோ படிக்கிறார்களானால், கோட்டி குஜராத்தி கல்லியில் சிறு எல்.சி.டி. கண்ணாடி கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய மல்டிமீட்டரிலிருந்து கழற்றினாலும் சரி. எல்.சி.டி. இயக்கி இல்லாத சாதாரணச் சில்லிலேயே இயக்கலாம். இரண்டு பின்தகடு உள்ள கண்ணாடி என்றால், ஒவ்வொன்றையும் இரண்டு சமமான தடைகளால் பாதி மின்னழுத்தத்தில் நிறுத்தி, அதன் முறை வரும்போது மட்டும் சில்லின் கால் மேலே அல்லது கீழே இழுக்க வேண்டும். மற்ற நேரம் கால் கையை எடுத்துவிடும். 3 வோல்ட்டில் தெரியும் கோட்டுக்கு 2.37, தெரியாததற்கு 1.06. நான்கு பின்தகட்டை விட இது எவ்வளவு தெளிவு என்பதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேலை. வெயில் தாழ்ந்த பிறகு, ஸ்டூல் போட்டு, கண்ணுக்கு நேராக மீட்டரைப் பாருங்கள். காட்சிகள் மாறி மாறி வரும்போது, எல்லாக் கோடும் ஒரே சமயம் தெரியும் 8888 பல மீட்டர்களில் வரும். அதில் விடுபட்ட கோடு உண்டா என்று கவனியுங்கள். பில்லில் உள்ள எண்ணையும் அன்றைய ரீடிங்கையும் காலண்டரில் குறித்து வையுங்கள். திரையையே நம்பாமல் மீட்டரைச் சோதிக்க வேண்டுமா? முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று அச்சிட்டிருந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, அது சூடேறிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 வர வேண்டும்.