உழைப்பவர் குரல்

பாடகி ஒருவர் மறைந்தால், அவர் பாட்டைப் பாடியே மக்கள் வழியனுப்புவது ஏன்? தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா நாட்டின் நாட்டுப்புறப் பாடகி மெர்சிடிஸ் சோசாவின் கதையைப் பார்ப்போம்.

கரும்பு விளையும் துக்குமான் மாநிலத்தில் 1935-இல் அவர் பிறந்தார். தந்தை சர்க்கரை ஆலைத் தொழிலாளி; தாயார் பிறர் வீட்டுத் துணி துவைத்தவர். ஏழைகளின் துயரை அவர் பாடினார். 1979-இல் இராணுவ ஆட்சி அவரை மேடையிலேயே கைது செய்தது. கேட்க வந்தவர்களையும் பிடித்துச் சென்றது. நாட்டைவிட்டு வெளியேறியவர், 1982-இல் திரும்பினார்.

2009 அக்டோபர் 4-ஆம் நாள் அவர் காலமானார். நாடாளுமன்றக் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டது. அஞ்சலி செலுத்த வந்தவர்கள் பாடினார்கள். தங்கள் துன்பத்தைப் பாடியதற்காகத் துன்புற்றவரை மக்கள் எப்படி மறப்பார்கள்?

நம் பாட்டிமார் பால்மரக் காட்டில் பாடியவற்றையும் இன்றே கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.