மண்ணைப் புரட்டும் இறக்கை!



பசுமலையிலிருந்து திருமங்கலம் பக்கம் பஸ்ஸில் போகும்போது, வயலில் டிராக்டர் உழுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோருடைய கண்ணும் டிராக்டர் மேல்தான் இருக்கும். பின்னால் வரும் கலப்பையை யாரும் கவனிப்பதில்லை. பாவம், உழுவது அதுதானே!

இப்போது அதிகம் தென்படுவது, கொக்கி கொக்கியாகக் கொழு உள்ள கலப்பையும் ரோட்டவேட்டரும். இன்னொரு வகை, தோட்டத்து மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். பறவை ஒரு பக்கச் சிறகை விரித்தது போல, வளைந்த இரும்புத் தகடு அதில் இருக்கும். அதன் பெயர் இறக்கைக் கலப்பை.

மரக்கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் மிச்சமிருக்கும். அதனால்தான் நெடுக்கும் குறுக்குமாகத் திரும்பத் திரும்ப உழுதார்கள். இறக்கைக் கலப்பை செய்வது வேறு வேலை. வீட்டில் தோசை திருப்புவதைப் பாருங்கள். கரண்டியின் விளிம்பு தோசைக்கு அடியில் நுழைகிறது. மணிக்கட்டு திரும்பியதும், தோசை தலைகீழாக விழுகிறது. கலப்பையில் விளிம்பின் வேலையைச் செய்வது கொழு. மணிக்கட்டின் வேலையைச் செய்வது இறக்கை. மேல்மண் கீழே, கீழ்மண் மேலே!

புரட்டினால் என்ன லாபம்? களைகள் புதைந்து மட்கும். மண்ணுக்குள் தூங்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து, வெயிலுக்கும் மைனாவுக்கும் கொக்குக்கும் இரையாகும். கோடை மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். சித்திரையில் கோடை உழவு செய்வது இதற்காகத்தான்.

ஆனால், கரிசல் மண் லேசில் விடாது. ஈரமாக இருந்தால் இறக்கையில் அப்பிக்கொள்ளும். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து விவசாயிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. சால் முடிவதற்குள் பலமுறை நின்று மண்ணைச் சுரண்டுவார்கள். 1837ல் ஜான் டீர் என்ற கொல்லர், உடைந்த ரம்பத்தின் எஃகுத் தகட்டை வளைத்துக் கலப்பை செய்தார். பளபளப்பான அந்த எஃகில் மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது!

நம் நாட்டில் பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்த லட்சுமணராவ் கிர்லோஸ்கர், 1903ல் இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று பயந்து, விவசாயிகள் வாங்க மறுத்தார்கள். விற்பதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சரி, பழைய இறக்கைக் கலப்பை ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கொழு தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம்; மாற்றிவிடலாம். இறக்கையைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். மேலாகப் படிந்த துரு, மணற்பாங்கான நிலத்தில் நாலு சால் ஓட்டினால் போய்விடும். துரு அரித்துக் குழி குழியாக இருந்தால், ஒவ்வொரு குழியிலும் மண் ஒட்டும். கரிசல்காரர்கள் அதைத் தொடவே கூடாது! அடுத்து, சமமான சிமென்ட் தரையில் கலப்பையை வைத்துப் பாருங்கள். இரண்டு கொழுவின் முனையும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால், சட்டம் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு இரண்டு இறக்கை போதும். ஆசைப்பட்டு மூன்று மாட்டினால், டயர் சுற்றும், வண்டி நகராது.

இதில் ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலி போலப் பின்னால் தொடுத்து இழுத்தார்கள். கொழு பாறையில் சிக்கினால், டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். பலர் உயிரிழந்தார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் இதற்கு வழி கண்டார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என மூன்று இடத்தில் கலப்பையைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பு அது. கொழு சிக்கினால், மேல் கை டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளி, அது எழும்பாமல் தடுக்கும். இன்று நம் ஊர் டிராக்டர்களிலும் இருப்பது அந்த மூன்று கைதான். அதற்காக மட்கார்டில் உட்கார்ந்து சவாரி போகாதீர்கள்! குலுங்கி விழுந்தால், பின்னால் வருவது கலப்பை.

வருடம் முழுவதும் புரட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. அமெரிக்கப் புல்வெளிகளை அப்படி உழுது வெறுமையாக்கினார்கள். 1930களில் மழை பொய்த்ததும் மண் புழுதியாகப் பறந்தது. 1934ல் அந்தப் புழுதி நியூயார்க் வரை போய் விழுந்தது! அதே ஆழத்தில் ஆண்டுதோறும் உழுதால், அடியில் கெட்டித்தட்டும் உருவாகும். சரிவான நிலமாக இருந்தால், சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும்.

அடுத்த முறை டிராக்டரைப் பார்க்கும்போது, அது நேராகப் போகிறதா, சாய்ந்து போகிறதா என்று கவனியுங்கள். இறக்கைக் கலப்பையில் முதல் சால் முடிந்த பிறகு, வலப்பக்க டயர் அந்தச் சாலுக்குள் இறங்கித்தான் ஓடும். வண்டி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கலப்பை மட்டும் சமமாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் வலது கையில் ஒரு திருகு இருக்கிறது.