சிம்லாவின் மலைமுடி மாளிகை

இமயமலைச் சரிவில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த நகரம் சிம்லா. அதன் மேற்குப் பகுதியில், அப்சர்வேட்டரி குன்றின் உச்சியில், கல்லால் ஆன மாளிகை ஒன்று கம்பீரமாக நிற்கிறது. அது யாருக்காகக் கட்டப்பட்டது? இன்று யாருக்குப் பயன்படுகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

கோடைக்காலத் தலைநகர்

சமவெளியின் வெயிலைத் தாங்க இயலாத ஆங்கில ஆட்சியாளர்கள், 1864ஆம் ஆண்டு சிம்லாவைக் கோடைக்காலத் தலைநகராக்கினர். ஆண்டுதோறும் கல்கத்தாவிலிருந்து அலுவலர்களும் கோப்புகளும் மலையேறின. அரசப்பிரதிநிதி தங்கிய பீட்டர்ஹாஃப் இல்லம் போதிய இடமற்றதாக இருந்தது. எனவே டஃபரின் பிரபு புதிய மாளிகையை எழுப்பி, 1888ஆம் ஆண்டு அதில் குடியேறினார்.

கட்டிய கைகள்

மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடமும் மைசூர் அரண்மனையும் அவருடைய கைவண்ணம் பெற்றவையே. கால்கா - சிம்லா மலைரயில் 1903ஆம் ஆண்டுதான் ஓடத் தொடங்கியது. ஆதலால் கல்லும் பர்மாத் தேக்கும் மலைப்பாதை வழியாகவே மேலே வந்து சேர்ந்தன. இர்வினின் பெயர் நிலைத்தது. சுமை தூக்கிய எளியோரின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை.

தொடக்கத்திலேயே இம்மாளிகையில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. தீயை அணைக்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. நீர்க்குழாய்களின் முனைகள் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தன. தீயின் வெப்பத்தால் மெழுகு உருகினால், நீர் தானே பாயும்.

கைகூடாத உடன்பாடு

1945ஆம் ஆண்டு வேவல் பிரபு இங்கு இந்தியத் தலைவர்களின் மாநாட்டைக் கூட்டினார். மௌலானா ஆசாத், ஜின்னா, இராஜாஜி முதலியோர் கலந்துகொண்டனர். புதிய ஆட்சிக் குழுவின் முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் லீக் மட்டுமே முன்மொழிய வேண்டும் என்றார் ஜின்னா. காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. மாநாடு தோல்வியுற்றது. இரண்டே ஆண்டுகளில் நாடு பிரிவினையைக் கண்டது.

ஆட்சி மனை அறிவு மனையாதல்

விடுதலைக்குப் பின் இது குடியரசுத் தலைவரின் கோடைக்கால இல்லமாயிற்று. ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த ஆசிரியரான டாக்டர் இராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவரானபின் இதனை அறிஞர்களின் ஆய்வுக்கு வழங்க விரும்பினார். 1965ஆம் ஆண்டு இந்திய உயராய்வு நிறுவனத்தை இங்கு அவரே தொடங்கி வைத்தார். அன்று விருந்தினர் நடனமாடிய கூடத்தில் இன்று நூல்கள் நிறைந்துள்ளன. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி மாளிகையைப் பார்வையிடலாம்.

சுவர்கள் மாறவில்லை, அவற்றின் பயன் மாறியது. ஆள்வதற்காகக் கட்டப்பட்ட மனை, கற்பதற்குரிய மனையாயிற்று.

சொற்பொருள்

மனை – இல்லம்
மெய்யியல் – தத்துவம்
உடன்பாடு – இசைவு

பயிற்சி

1. புதிய மாளிகை கட்டப்படக் காரணம் யாது?
2. பிரித்து எழுதுக: மலையேறின, கைவண்ணம்.
3. 1945ஆம் ஆண்டு மாநாடு ஏன் தோல்வியுற்றது?
4. நீங்கள் வாழும் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனைக் கட்டியவர் யார், இன்று அது எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.