சிறு சொல்லும் பெரும் பொருளும்
(ஆங்கிலத் துணைவினைகளைப் பழகும் முறை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

ஆங்கிலத்தில் ஒன்பது சிறு சொற்கள் உள்ளன. 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'வில்', 'வுட்', 'ஷல்', 'ஷுட்', 'மஸ்ட்' என்பன அவை. இவை தாமாக ஒரு செயலையும் குறிப்பதில்லை. வேறொரு வினையோடு சேர்ந்து நின்று, அச்செயல் இயலுமா, அதற்கு அனுமதி உண்டா, அது கட்டாயமா, நடக்க வாய்ப்புண்டா என்பதை உணர்த்துகின்றன. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்போன்ற மாணவர்களுக்கு இவை மலைப்பைத் தருவது இயல்பே. ஆயினும் மலைக்கத் தேவையில்லை. தமிழ் அறிந்தவருக்கு இவற்றுள் பாதி முன்பே தெரியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லால் எழுந்த விவாதம்

இச்சொற்கள் தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியன என்று எண்ண வேண்டாம். 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், மத்திய ஆட்சிப் பணிகளில் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என வகுத்தது. அக்காலம் முடியுமுன், 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு, 1965க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்வதைக் குறிக்க 'மே' என்ற சொல்லை ஆண்டது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம் அன்றோ என்பதே அச்சத்தின் சாரம். இவ்விடத்தில் 'மே' என்பதற்கும் 'ஷல்' என்பதற்கும் பொருள் ஒன்றே என்றார் பிரதமர் நேரு. அப்படியாயின் 'ஷல்' என்றே எழுதிவிடலாமே என்று தி.மு.க. கேட்டது. 1965இல் மொழிப் பிரச்சினையால் தமிழக மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததை நாடறியும். பின்னர் 1967ஆம் ஆண்டுத் திருத்தம், மத்திய அரசுக்கும் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் என்பதை 'ஷல்' கொண்டே உறுதி செய்தது. ஒரு துணைவினையின் வலிமைக்கு இதனினும் சான்று வேண்டுமா?

தமிழிலேயே விடை உண்டு

'ஹீ கேன்ஸ்' என்று எழுதலாகாது. துணைவினை 'எஸ்' ஏற்காது என்பது விதி. இதை மனப்பாடம் செய்யத் திணறுகிறோம். ஆனால் தமிழைப் பாருங்கள். நான் போனேன், அவன் போனான், அவர்கள் போனார்கள் என வினை மாறுகிறது. நான் போகலாம், அவன் போகலாம், அவர்கள் போகலாம் என்னும்போது மாறுவதில்லை. 'போக வேண்டும்' என்பதும் அவ்வாறே. இரு மொழியிலும் இவ்வகைச் சொற்கள் ஆளுக்கேற்ப மாறுவதில்லை.

பொருளிலும் ஒற்றுமை உண்டு. 'உள்ளே வரலாம்' என்பது அனுமதி; 'மழை பெய்யலாம்' என்பது வாய்ப்பு. 'மே' இவ்விரண்டையும் குறிக்கும். 'படிக்க வேண்டும்' என்பது கட்டாயம். 'அவன் ஊருக்குப் போயிருக்க வேண்டும்' என்பது ஊகம். 'மஸ்ட்' இவ்விரண்டையும் குறிக்கும். ஆனால் 'எனக்குப் புத்தகம் வேண்டும்' என்பது விருப்பம். அங்கே 'மஸ்ட்' வராது, 'வாண்ட்' வரும்.

கவனம் வேண்டும் இடங்கள்

முதலாவது, எதிர்மறை. 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்'. ஆகவே 'மஸ்ட் நாட்' என்றால் 'வேண்டியதில்லை' என்று கொள்வது தவறு. அதன் பொருள் 'கூடாது' என்பதாகும். 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்' என்க. 'மரம் நனைந்திருக்கும்போது பால் வெட்டக் கூடாது' என்பதும், 'நாளை பால் வெட்டப் போக வேண்டியதில்லை' என்பதும் ஒன்றா? ரப்பர்த் தோட்டம் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பணிவு. 'குட்', 'வுட்' என்பவற்றை இறந்த காலமாக மட்டும் படிக்கிறோம். 'குட் யூ' என்று கேட்கும்போது காலம் இறந்ததன்று; கேட்பவரின் குரல் தணிந்தது. 'தா' என்பதற்கும் 'தர முடியுமா' என்பதற்கும் உள்ள தொலைவு அது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ வாண்ட்' என்பதினும் 'ஐ வுட் லைக்' என்பதே தகும்.

மூன்றாவது, நம் ஆய்வகம். அளவீட்டுப் பிழைக்கு இடமாறு தோற்றம் காரணமாக இருக்கலாம் எனின் 'மே' எழுதுக. வேறு காரணம் இல்லை என்று உறுதியானால் மட்டுமே 'மஸ்ட்' எழுதுக. அறிவியலின் நேர்மை இச்சொற்களில் அடங்கியுள்ளது.

பயிற்சி முறை

ஒரு வினையை எடுத்துக்கொண்டு ஐந்து விதமாக மாற்றுங்கள். நம் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியே எடுத்துக்காட்டாகட்டும். போகலாம் - 'மே கோ'. போக வேண்டும் - 'மஸ்ட் கோ'. போகக் கூடாது - 'மஸ்ட் நாட் கோ'. போக வேண்டியதில்லை - 'நீட் நாட் கோ'. போக முடியாது - 'கேனாட் கோ'. 'என்னால் முடியும்' என்பதிலுள்ள 'ஆல்' ஆங்கிலத்தில் வராது. 'ஐ கேன்' என்றாலே போதும். நாளுக்கு ஒரு வினை வீதம், நண்பர் ஒருவர் தமிழில் சொல்ல மற்றவர் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகலாம். மார்த்தாண்டத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதுமானது.

என் தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் படிவங்களையும் நான்தான் படித்துப் பொருள் சொல்கிறேன். உதவித்தொகை பற்றிய தாள் ஒன்று வந்தால் அவர் கேட்கும் முதற்கேள்வி, "கிட்டுமா, இல்ல கிட்டினா கிட்டுமா?" என்பதுதான். 'வில்', 'மே' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கண நூலும் கூறிவிட முடியாது. அக்கேள்விக்குச் சரியான விடை சொல்லும் பொறுப்பு படித்த நம்முடையது. 'மஸ்ட்' என்ற இடத்தில் சான்றிதழை இணைக்கத் தவறினால் விண்ணப்பம் திரும்பும்; 'மே' என்பதை உறுதியென நம்பினால் வீட்டுக் கணக்கு பொய்க்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே! ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சாமல், கையிலுள்ள தமிழை விளக்காகக் கொண்டு அதனுள் புகுவோம். நம்மால் முடியும்; 'வீ கேன்'!