ஓசை தராத கீபோர்டு

பேரனுக்குச் சிறிய மிடி கீபோர்டு ஒன்று வாங்கினேன். கட்டையை அழுத்தினால் ஓசையே இல்லை. பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. 1983-ல் வந்த மிடி முறையில், எந்தக் கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பது போன்ற செய்திகள் மட்டுமே போகும். ஒலி தருவது இணைத்த கம்ப்யூட்டரோ செல்போனோதான். தராசு எடையைச் சொல்லும், சரக்கைத் தராது. அதைப் போல!

வல்லம் பக்கத்துக் கிராமங்களில் மார்கழி பஜனைக்குத் தூக்கிச் செல்ல, உள்ளேயே ஒலிபெருக்கி, மின்வெட்டிலும் ஓடும் பேட்டரி, பாடுபவர் சுருதிக்கு மாற்றும் பொத்தான், கமகத்துக்குச் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஆகியவை ஒரே கருவியில் வேண்டும். சிறிய கருவிகள் சிலவற்றில் அந்தச் சக்கரம்கூட இருப்பதில்லை.

“இதில் ஒலி வராது” என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாமாவது சரக்கின் குணத்தைச் சொல்லி விற்போம், வாடிக்கையாளர் நிலைப்பார்.