விசில் ஊதுவதும் ஊதாமல் விடுவதும்

போன மாரிகாலத்தில் மகனின் பாடசாலையில் கூடைப்பந்தாட்டப் போட்டி. இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமலே போயிருந்தேன். மகனுக்கு மூன்றாவது ஃபவுல் கொடுத்ததும் எழும்பி மத்தியஸ்தரைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன். எங்கட பிள்ளை என்றபடியால்தான் பிடிக்கிறார் என்பது என் நினைப்பு. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகன் சொன்னான்: "அப்பா, இனி நீங்கள் வரவேண்டாம்."

அந்தச் சொல் சுட்டது. பிறகு அவனிடமே கேட்டு விதிகளைப் படித்தேன். நாளைக்கு நீங்களும் அந்த வாங்கில் இருக்கப்போகிறவர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 13 விதிகளை எழுதினார். ஆட்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என்று அப்போதே வகுத்துவிட்டார். இன்றும் இருவர் கடமையில் நின்றால் ஒருவர் கூடைக்குப் பின்னாலுள்ள கோட்டருகே நின்று நெருக்கியடிப்பவர்களைப் பார்க்கிறார். மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னால் வருகிறார். பந்தையே பார்த்திருக்கும் எங்களுக்குத் தெரியாத தள்ளு அவர்களுக்குத் தெரிகிறது.

உடம்பு பட்டதெல்லாம் ஃபவுல் அல்ல. பட்டதால் ஒருவருக்கு அநியாயமான இலாபமோ நட்டமோ வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஆட்டத்தை ஓடவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊதினால் ஆட்டம் செத்துவிடும். ஒன்றுக்கும் ஊதாவிட்டால் அடிபாட்டில் முடியும். அதனால்தான் முதல் சில நிமிடங்களிலேயே எது பிழை, எது பரவாயில்லை என்று இரு பக்கத்துக்கும் ஒரேமாதிரிக் காட்டிவிடுகிறார்கள்.

பொத்திய கையை உயர்த்தினால் ஃபவுல். விரித்த கையை உயர்த்தினால் பந்துடன் நடந்தது போன்ற வேறு பிழை. சர்வதேச விதிப்படி 5 ஃபவுல் எடுத்தவர் வெளியேற வேண்டும். அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளில் 6. வாய்காட்டினால் தனியாக டெக்னிக்கல் ஃபவுல் உண்டு.

மத்தியஸ்தரும் மனிதர்தான், பிழை விடுவார். ஆனால் கேட்பதற்கு முறை இருக்கிறது. பந்து நின்றிருக்கும் நேரத்தில் அணித்தலைவர் மரியாதையாக விளக்கம் கேட்கலாம். உண்மையிலேயே பாரபட்சம் என்று தோன்றினால், ஆட்டம் முடிந்தபின் பயிற்றுநரிடமோ பாடசாலையிடமோ சொல்லுங்கள். வாங்கிலிருந்து கத்தினால் பிள்ளைதான் தலைகுனியும்.

மகனைச் சமாதானப்படுத்தி அடுத்த போட்டிக்கும் போனேன். எதிராளியின் இடுப்பில் அவன் கை வைத்தபோது, மத்தியஸ்தர் ஓடிக்கொண்டே "கை, கை" என்று ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது. மகன் கையை எடுத்தான். விசில் ஊதவில்லை. முதல் போட்டியிலும் அவர்கள் இப்படிச் சொல்லியிருக்கலாம். என்னுடைய சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.