மெட்டில் எழும் இரைச்சல்

மெட்டுப் பதித்த நரம்புக் கருவிகளுக்கு வரும் நோய்களுள் முதன்மையானது இரைச்சல். நரம்பை மீட்டியவுடன் தெளிந்த நாதம் எழாமல், உலோகத்தோடு உலோகம் உராயும் ‘கிர்’ என்ற ஒலியும் உடன் கலந்து வரும். சுதி செம்மையாகச் சேர்ந்திருந்தும் பாட்டுச் சுவை கெடும்.

ஜொகூர் மாநிலத்தில் லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் இடையே அமைந்தது சாஆ. இத்தகைய தோட்டப்புறங்களில் வீணையைக் காண்பது அரிது. பேஸ் கித்தாரோ அப்படியன்று. திருவிழா மேடையிலும் திருமண மண்டபத்திலும் இசைக்குழு ஏறினால் அதுவும் ஏறும். இரைச்சல் கண்ட கித்தார் ‘கெட்டுப்போயிற்று’ என்று மூலையிற் சாத்தப்படுவதுண்டு. பழகும் சிறுவனுக்கு ‘விரலில் வலுவில்லை’ என்ற பட்டம் கிடைப்பதும் உண்டு. இரண்டு தீர்ப்பும் பெரும்பாலும் பிழையானவை. காரணம் இன்னதென்று அறிந்தால், ஓர் அளவுகோலும் ஒரு சாவியும் கொண்டே பல கருவிகளைச் சீராக்கிவிடலாம்.

நரம்பின் ஓரிடத்தை விரல் அழுத்தும்போது, அதிர்வது அந்த மெட்டிலிருந்து குதிரை வரையுள்ள பகுதியே. அது நேர்கோடாக நிற்பதில்லை. இரு முனைகளும் ஒடுங்க, இடைப்பகுதி அகன்று ஆடும். அவ்வாட்டத்தின் வழியில் அடுத்த மெட்டுகளுள் ஒன்று குறுக்கிட்டால், நரம்பு அதன் தலையில் மீண்டும் மீண்டும் மோதும். இரைச்சலாவது இம்மோதலே. எனவே ஒவ்வொரு மெட்டும், தனக்கு முந்திய மெட்டையும் குதிரையையும் இணைக்கும் கோட்டிற்குச் சற்றுத் தாழ்ந்து நிற்றல் வேண்டும். தாழ்வு போதாவிடின் இரைச்சல் வரும். மிகுந்துவிட்டாலோ விரல் நோகும், அழுத்துந்தோறும் சுதியும் ஏறிப் பிசகும். கருவியைச் சீர்செய்வது என்பது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் வித்தை.

தாழ்ந்த ஓசைக்கு நரம்பு அகன்று ஆடும். சாதாரணக் கித்தாரின் அடி நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர, பேஸ் கித்தாரின் அடி நரம்பு 41 முறையே அதிரும். இந்நோய் பேஸ் கித்தாரை மிகுதியாகப் பற்றுவதன் காரணம் இதுதான்.

வீணையில் இதற்குக் கைவினைஞர் கண்ட வழி வியக்கத்தக்கது. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்படுவதில்லை, கருமெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. மெழுகை இளக்கி, மெட்டைச் சற்றே அமுக்கியோ உயர்த்தியோ, முன்னும் பின்னும் நகர்த்தியோ, செவி ஒப்பும் இடத்தில் நிறுத்துவர். இதனை மேளம் கட்டுதல் என்பர். கமகத்திற்காக நரம்பைப் பக்கவாட்டில் இழுக்கும்போதும் அது வேறு மெட்டைத் தொடலாகாது என்பதால் இவ்வேலை இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு மெட்டையும் தனித்தனியே திருத்தும் உரிமையை மெழுகு தருகிறது. ஆனால் வெப்பத்தில் இளகி, அவ்வுரிமைக்கு விலையும் வாங்கிவிடுகிறது.

பேஸ் கித்தாரின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. ஒன்றை மட்டும் அசைக்க இயலாது. ஆகவே கழுத்து முழுவதையும் வளைத்து நிமிர்த்த வேண்டியதாயிற்று. நான்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடையின் விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அவ்விழுப்பை எதிர்த்து நிற்பது, கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி. கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த தாடியஸ் மெக்யூ இவ்வகைத் திருகுகம்பிக்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1951-இல் லியோ ஃபெண்டர் மெட்டுள்ள மின்பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, துல்லியம் என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயரை அதற்கு இட்டார். மெட்டு இருப்பதால் சுரம் தவறாது என்பது கருத்து. மெட்டோடு இரைச்சலும் வரும் என்பதைப் பெயர் சொல்லவில்லை!

சீர்செய்யப் புகுவோர் முதலில் கம்பியைத் திருகுவர். அது தலைகீழ் முறை. நரம்பிலிருந்தே தொடங்குக. யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றங்களை முன்னோர் வகுத்தனர். சீவக சிந்தாமணியில் சீவகன் யாழைக் கையேற்றதும் வாசிக்கத் தொடங்கவில்லை. குற்றம் உண்டா என்றே ஆராய்ந்தான். இன்றைய உருக்கு நரம்புக்கும் அவ்வாராய்ச்சி வேண்டும். துருவேறிய நரம்பும், மாட்டும்போது முறுக்கேறிய நரம்பும் எந்தத் திருத்தத்துக்கும் அடங்கா. புது நரம்பு பூட்டி, வாசிக்கும் சுதியிலேயே நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். சுதியை இறக்கினால் நரம்பு தளர்ந்து மேலும் அகன்று ஆடும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது கழுத்து. அடி நரம்பை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்துக. இரண்டுக்கும் நடுவே, ஏழாம் அல்லது எட்டாம் மெட்டின் தலைக்கும் நரம்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருப்பின் நன்று. மோட்டார் பட்டறையில் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகடு இதற்குப் போதும். இடைவெளியே இல்லையெனில் கழுத்து நிமிர்ந்தோ பின்வளைந்தோ உள்ளது. திருகை இளக்க வேண்டும். மிகுதியாயின் இறுக்க வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருகியபின் சுதி சேர்த்து மீண்டும் அளக்க. அசைய மறுக்கும் திருகோடு மல்லுக்கட்டுவோர் கம்பியையே முறித்துவிடக்கூடும். அத்தகைய கருவியைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

கழுத்துச் சீரான பின்னரே குதிரையைத் தொடலாம். குதிரையில் ஒவ்வொரு நரம்பின் தாங்கிக்கும் சிறு திருகுகள் உண்டு. 17-ஆம் மெட்டின் தலையிலிருந்து நரம்பின் அடிப்பக்கம் வரை 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரம் பெரும்பாலோர்க்கு ஏற்கும். மெல்ல மீட்டுவோர் இன்னும் இறக்கலாம். வலிந்து மீட்டுவோர்க்கு உயரம் வேண்டும். ஒருவருக்குச் செய்த சீர் மற்றொருவர் கையில் இரைவது இதனாலேயே. மெட்டை ஒட்டி அழுத்தாமல் எட்ட அழுத்தினாலும் இரைச்சல் வரும். அது மட்டுமே விரலின் குற்றம்.

இரைச்சல் எழும் இடமே காரணத்தைக் காட்டிவிடும். முதல் நான்கைந்து மெட்டுகளில் எழுந்தால் கழுத்தின் வளைவு போதவில்லை. விரல் வைக்காத வெறும் நரம்பில் மட்டும் எழுந்தால் மேருவின் பள்ளம் ஆழ்ந்துவிட்டது. உடலை ஒட்டிய மெட்டுகளில் எழுந்தால் குதிரை தாழ்ந்திருத்தல் கூடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுந்தால், அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது. மூன்று மெட்டுகளின்மேல் நேரான குறுந்தகட்டை வைத்துப் பார்த்தால், நடுமெட்டு உயர்ந்திருப்பின் தகடு ஆடும். அதை அராவிச் சமன்செய்வது கைதேர்ந்தோர் வேலை. அராவிய உலோகம் திரும்பி வாராது.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் கருதவேண்டும். ஈரம் ஏறினால் மரம் பருக்கும், வறண்டால் சுருங்கும். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஈரக்காற்றில் கிடந்த கருவி, குளிரூட்டிய மண்டபத்திற் பல நாள் இருந்தால் கழுத்தின் வளைவு மாறுதல் இயல்பே. அதனால் ஒரு முறை செய்த சீர் என்றைக்கும் நில்லாது.

இரைச்சலனைத்தையும் அறவே ஒழிக்க வேண்டுமா என்றால், வேண்டா. தம்புராவில் இதே தொடுகையை நாமே வலிந்து உண்டாக்குகிறோம். அகன்ற குதிரையின்மேல் நரம்புக்கடியில் நூலைச் செருகி, நரம்பு குதிரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடம் காண்கிறோம். அப்போது எழும் ரீங்காரமே ஜீவாளி. தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையமைப்பால் மேற்சுரங்கள் செழித்து எழுவதைச் சர் சி. வி. இராமன் 1921-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பேஸ் கித்தாரிலும், காதருகே கேட்கும் மெல்லிய இரைச்சல் ஒலிபெருக்கியின் வழியே பெரும்பாலும் கேளாது. ஆகவே ஒலிபெருக்கியில் இணைத்துக் கேட்டே முடிவு செய்க.

உயரம் மாறினால் சுரத்தானமும் சிறிது மாறும். இறுதியாக, 12-ஆம் மெட்டின்மேல் நரம்பை மெல்லத் தொட்டு எழுப்பும் ஓசையையும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஓசையையும் ஒப்பிடுக. அழுத்திய ஓசை ஏறியிருந்தால் தாங்கியைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்துக.